பேக்கேஜிங் துணைநிரல்கள்: எவை கணக்கிடுகின்றன, எவை காட்ட மட்டும் செய்கின்றன

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நான்கு ஆண்டுகளாகத் துண்டறிக்கைகளும் சமூக ஊடகப் படங்களும் வடிவமைத்து வருகிறீர்கள். அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டர் கைவந்திருக்கிறது. இப்போது முதன்முறையாக ஒரு குளியல் சோப்புப் பெட்டியும், அதே வரிசையில் வரும் ஷாம்பு குப்பிக்கான ஒளி ஊடுருவும் லேபிளும் செய்யும் வேலை வந்திருக்கிறது. பேக்கேஜிங்குக்கென்று விற்கப்படும் துணைநிரல்களில், அதாவது மென்பொருளோடு இணைத்து இயக்கும் கூடுதல் கருவிகளில், எதை வாங்கலாம், வாங்கிவிட்டால் பெட்டிக் கட்டமைப்பு தெரிந்த ஆள் இல்லாமலே சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்கு ஒரு பட்டியல் போதும். ஆனால் இரண்டாம் பாதியில் நீங்கள் உண்மையில் கேட்பது, உங்களுக்குத் தெரியாதவற்றில் எவ்வளவை மென்பொருள் உங்களுக்காகத் தெரிந்து வைத்திருக்கும் என்பதுதான். அதற்கு விடை தெரிந்தால் பட்டியல் தானாக அமைந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அச்சு முன்தயாரிப்பில் தொடங்கி வடிவமைப்புக்கு வந்தவன் நான். மடிப்பு அட்டைப்பெட்டி, ஒட்டு லேபிள், நெளி அட்டைப்பெட்டி ஆகிய மூன்றும்தான் என் பழக்கம். தகர டப்பா, கண்ணாடி மீதான நேரடி அச்சு ஆகியவை என் கைக்கு அதிகம் வந்ததில்லை. ஆகவே அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

இந்தத் துணைநிரல்களை இரண்டு குடும்பங்களாகப் பார்ப்பது என் வழக்கம். ஒரு குடும்பம் பெட்டி எப்படித் தெரியும் என்று காட்டுகிறது. மற்றொன்று பெட்டியை அச்சிடவும் வெட்டவும் மடிக்கவும் வேண்டிய அளவுகளைக் கணக்கிடுகிறது. விளம்பரங்களில் முதல் குடும்பத்துக்கே இடம் அதிகம், ஏனென்றால் அதைத் திரையில் காட்டிப் பார்ப்பவரை மயக்க முடியும். அச்சகத்தில் பணத்தைக் காப்பாற்றுவது இரண்டாவது குடும்பம். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. அட்டையின் தடிமன், மையின் இயல்பு, அச்சுத் தகடான பிளேட்டின் கனம் போன்ற எண்களை நீங்கள் கொடுத்தால்தான் அது சரியாகக் கணக்கிடும். கொடுக்காவிட்டால் தன்னிடம் உள்ள இயல்பு எண்ணை வைத்துக்கொண்டு, சற்றும் தயங்காமல், தவறான விடையைத் துல்லியமாகத் தரும்.

காட்டும் குடும்பத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இணையத்தில் கிடைக்கும் மாக்கப் எனப்படும் மாதிரிக்காட்சிக் கோப்புகளில் பெரும்பாலானவை ஃபோட்டோஷாப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் எனும், படத்தை மாற்றக்கூடிய அடுக்குக்குள் உங்கள் படத்தை ஒட்டச் சொல்பவை. அந்தப் பெட்டியின் விகிதம் வேறு, உங்கள் பெட்டியின் விகிதம் வேறு. வாடிக்கையாளரிடம் மனநிலையை உணர்த்த அது போதும், ஆனால் எதையும் சரிபார்க்க அது உதவாது. இதற்கு மாறாக எஸ்கோ நிறுவனத்தின் ஸ்டுடியோ போன்ற செருகுநிரல், இல்லஸ்ட்ரேட்டரில் திறந்திருக்கும் டைலைனையே (பெட்டியின் வெட்டு, மடிப்புக் கோடுகளைக் கொண்ட தட்டையான வரைபடம்) மடித்துக் காட்டுகிறது. ஐசி3டி போன்ற தனி மென்பொருள்களும் இதே வேலையைச் செய்கின்றன. இவற்றின் உண்மையான பயன் அழகு காட்டுவதில் இல்லை. மேல்மூடியில் எழுத்து தலைகீழாக வந்திருக்கிறதா, முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்குத் தொடரும் கோடு மூலையில் ஒரு மில்லிமீட்டர் விலகுகிறதா, உள்ளே மறைந்துபோகும் பகுதியில் முக்கியமான சொல் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று நொடியில் தெரிந்துவிடும். தட்டையான தாளில் தலைகீழாக இருக்கும் பக்கத்தை மனத்தில் மடித்துப் பார்ப்பது பழகியவர்களுக்கே பிசகும். ஆனால் ஒரு தாளை அச்செடுத்துக் கத்தரித்து மடித்துப் பார்த்தாலும் இதே பிழைகள் தெரியும் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் இன்றும் இரண்டையும் செய்கிறேன். முப்பரிமாணக் காட்சி அட்டையின் விறைப்பையோ, மடிப்புக்காக அழுத்திய கிரீஸ் கோட்டில் மை வெடிப்பதையோ, வார்னிஷின் வழவழப்பையோ காட்டுவதில்லை. அதில் தெரியும் பொன்னிறம் வெறும் ஒளிக்கணக்கு.

இந்தக் குடும்பத்தைச் சார்ந்திருப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஃபோட்டோஷாப்பின் 3டி வசதிகளை வைத்துப் பெட்டி காட்டிப் பழகியவர்கள் பலர். 2021-இல் அடோபி அவற்றைக் கைவிடத் தொடங்கியபோது, அந்தக் கோப்புகளைத் திறப்பதற்காகவே பழைய பதிப்பைக் கணினியில் வைத்திருக்க வேண்டிய நிலை வந்தது. துணைநிரல்களுக்கும் இது பொருந்தும். இல்லஸ்ட்ரேட்டருக்கான துணைநிரல்களில் சில வெறும் ஸ்கிரிப்டுகள், அதாவது சிறு கட்டளைத் தொகுப்புகள். அவை எளியவை, பதிப்பு மாறினாலும் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். கனமான வேலை செய்பவை சி++ மொழியில் எழுதப்பட்ட செருகுநிரல்கள். அவை மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்புகளோடு பிணைந்தவை. 2021-இல் இல்லஸ்ட்ரேட்டர் ஆப்பிளின் புதிய சில்லுகளில் நேரடியாக இயங்கத் தொடங்கியபோது, இன்டெல் சில்லுகளுக்கு மட்டும் எழுதப்பட்டிருந்த செருகுநிரல்களைப் பயன்படுத்த, முழு மென்பொருளையும் ரொசெட்டா எனும் ஆப்பிளின் மொழிமாற்றக் கருவி வழியாகத் திறக்க வேண்டியிருந்தது. ஆகவே வேலை நடந்துகொண்டிருக்கும் வாரத்தில் மென்பொருளைப் புதுப்பிக்காதீர்கள் என்பது என் உறுதியான ஆலோசனை.

அடுத்தது கட்டமைப்பு. பெட்டி வடிவங்களுக்கு உலகம் முழுவதும் புழங்கும் குறியீடுகள் இருக்கின்றன. நெளி அட்டைக்கு ஃபெஃப்கோ, மடிப்பு அட்டைக்கு எக்மா. எல்லோருக்கும் தெரிந்த, நான்கு மூடிகள் மேலும் நான்கு மூடிகள் கீழும் உள்ள சாதாரணப் பார்சல் பெட்டி ஃபெஃப்கோ 0201. ஆர்ட்டியோஸ்கேட், எங்வியூ போன்ற கட்டமைப்பு மென்பொருள்களில் இத்தகைய வடிவங்கள் அளவுரு வார்ப்புருக்களாக இருக்கும். நீளம், அகலம், உயரம், அட்டைத் தடிமன் ஆகியவற்றைக் கொடுத்தால் டைலைன் வரைந்துவிடும். இவை துணைநிரல்கள் அல்ல, தனி மென்பொருள்கள். விலையும் தனி வடிவமைப்பாளருக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். இணையத்தில் இலவசமாக டைலைன் தரும் தளங்களும், இன்க்ஸ்கேப்புக்கான பெட்டி வரையும் நீட்சிகளும் இருக்கின்றன. பிளெண்டரில் முப்பரிமாண உருவைத் தாள் வடிவமாக விரித்துத் தரும் ஒரு துணைநிரல்கூட உண்டு. அது காகிதக் கைவினைக்கு அருமையானது. ஆனால் பெட்டித் தொழிலுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் அதன் கணக்கில் தாளுக்குத் தடிமனே இல்லை.

தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். நெளி அட்டையில் சி ஃப்ளூட் எனும் நெளிவு வகை ஏறக்குறைய 4 மி.மீ. கனம் உள்ளது. உள்ளளவு 300 மி.மீ. வேண்டுமென்றால், இரு பக்கச் சுவர்களையும் சேர்த்து வெளியளவு குறைந்தது 308 மி.மீ. ஆகிவிடுகிறது. உள்ளே மடியும் பக்கமும் வெளியே மடியும் பக்கமும் ஒரே அளவில் இருக்க முடியாது. சோப்புப் பெட்டிக்கான அட்டை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கலாம். ஆனால் செருகுமூடி நுழையும் இடத்தில் அந்தச் சிறு அளவே பெட்டி மூடுமா மூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஒருமுறை தடிமன் எண்ணை இயல்பு மதிப்பிலேயே விட்டுவிட்டு ஒரு பெட்டியை அனுப்பினேன். திரையில் அது குறையின்றி மூடியது. மாதிரி வெட்டி வந்தபோது மூடியை அழுத்திச் செருக வேண்டியிருந்தது, எடுக்கும்போது ஓரம் கிழிந்தது. அளவைக் கொடுக்க மறந்தவன் நான், மென்பொருள்மீது குறையில்லை. கட்டமைப்பு ஆள் இல்லாமல் சமாளிக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்: சோப்புப் பெட்டி போன்ற வழக்கமான வடிவத்துக்குச் சமாளிக்கலாம், ஆனால் அதற்கு வழி துணைநிரல் வாங்குவது அல்ல. பெட்டி செய்யப்போகும் அச்சகத்திடமிருந்தே டைலைனை வாங்குங்கள். அவர்களிடம் அதே அளவுக்கு ஏற்கெனவே செய்த கட்டிங் டை எனும் வெட்டு அச்சு இருந்தால் உங்கள் வாடிக்கையாளருக்குச் செலவும் குறையும். புதிய வடிவம், கனமான பொருள், இயந்திரத்தில் தானாக நிரப்பப்படும் பெட்டி என்றால் கட்டமைப்பு தெரிந்தவர் கட்டாயம் வேண்டும்.

டைலைன் கைக்கு வந்த பிறகுதான் துணைநிரல்களின் மெய்யான பயன் தொடங்குகிறது. வெட்டுக் கோடும் கிரீஸ் கோடும் தனி அடுக்கில், தனி ஸ்பாட் நிறத்தில் (நான்கு அடிப்படை மைகளைக் கலக்காமல் தனி பிளேட்டில் போகும் நிறம்), ஓவர்பிரிண்ட் (அடியிலுள்ள நிறத்தை அகற்றாமல் அதன்மேலேயே அச்சாவது) இயக்கப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறந்தால் என்னவாகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கருநீலப் பின்னணி கொண்ட ஒரு பெட்டியில் கிரீஸ் கோடுகள் ஓவர்பிரிண்ட் ஆகாமல் இருந்தன. பிளேட் எடுக்கும்போது டைலைன் நிறத்தை நீக்கினார்கள். ஆனால் அந்தக் கோடுகள் அடியிலிருந்த நீலத்தை ஏற்கெனவே குடைந்து எடுத்திருந்தன. ஒவ்வொரு மடிப்பிலும் மயிரிழை போல வெள்ளைக் கோடு ஓடியது. திரையில் கோட்டின் நிறம் அதை மறைத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. எஸ்கோவின் செருகுநிரல்கள் கட்டமைப்புக் கோப்பை நேரடியாக உள்வாங்கி, கோடுகளின் வகையையும் நினைவில் வைத்துக்கொள்வதால் இத்தகைய பிழைக்கு வாய்ப்புக் குறைகிறது. 2018-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 19593-1 என்ற தரநிலை, பிடிஎஃப் கோப்புக்குள் இந்த அடுக்கு வெட்டு, இந்த அடுக்கு கிரீஸ், இது பிரெயில், இது வார்னிஷ் என்று இயந்திரம் படிக்கும்படி குறிக்க வழி செய்திருக்கிறது. உங்கள் அச்சகம் அதைப் பயன்படுத்துகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பயன்படுத்தாவிட்டால் நிறத்தின் பெயரையே அடையாளமாக வைக்கும் பழைய முறை போதும். ஓவர்பிரிண்டைச் சரிபார்க்க எந்தத் துணைநிரலும் வேண்டியதில்லை. இல்லஸ்ட்ரேட்டரிலேயே ஓவர்பிரிண்ட் முன்னோட்டமும், ஒவ்வொரு மையையும் தனித்தனியே காட்டும் செபரேஷன் முன்னோட்டமும் இருக்கின்றன. டைலைன் நிறத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் வெள்ளைக் கோடு அங்கேயே தெரிந்துவிடும்.

பார்கோடு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு துணைநிரலுக்குக் கொடுக்கும் பணம் முழுமையாகத் திரும்பிவரும் இடம் அதுதான். சில்லறைப் பொருள்களில் காணும் இஏஎன்-13 குறியீடு 95 அலகுகள் அகலம் கொண்டது. இடப்பக்கம் 11 அலகும் வலப்பக்கம் 7 அலகும் வெற்றிடமாக விட வேண்டும். ஆக மொத்தம் 113. ஓர் அலகின் அடிப்படை அகலம் 0.33 மி.மீ. என்பதால் முழு அகலம் 37.29 மி.மீ. ஆகிறது. இதை 80 விழுக்காடு வரை சுருக்கவும் 200 விழுக்காடு வரை பெருக்கவும் விதி இடம் தருகிறது. வடிவமைப்பாளர்கள் செய்யும் முதல் பிழை வலப்பக்க வெற்றிடத்தை வீணான இடம் என்று நினைத்து அதில் எழுத்தை நுழைப்பது. இரண்டாவது, இலவசத் தளத்தில் எடுத்த பார்கோடு படத்தை ஒட்டி, அது நான்கு நிறங்களும் கலந்த கருப்பாக மாறிவிட்டதைக் கவனிக்காமல் விடுவது. நிறங்கள் சற்று விலகினாலும் கோட்டின் ஓரம் மங்கிவிடும். மூன்றாவது, நிறத்தேர்வு. வழக்கமான லேசர் ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படிப்பவை. வெள்ளையின் மீதான சிவப்புக் கோடு நம் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்றிருந்தாலும் ஸ்கேனருக்கு அது வெறும் வெள்ளைத்தாள்தான்.

நல்ல பார்கோடு செருகுநிரல் சரிபார்ப்பு எண்ணைத் தானே கணக்கிடும், வெற்றிடத்தைக் குறித்துக் காட்டும், மை பரவிக் கோடு தடிப்பதை ஈடுகட்டக் கோட்டின் அகலத்தை முன்கூட்டியே குறைக்கும். எவ்வளவு குறைப்பது என்பதை அச்சகம்தான் சொல்ல வேண்டும். பார்கோடு எந்தத் திசையில் அமைய வேண்டும் என்பதைப் பல செருகுநிரல்கள் கேட்பதே இல்லை. உங்கள் ஷாம்பு குப்பி மெலிந்த உருளை என்றால், கோடுகளை ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைக்க வேண்டும். நிற்கும் வேலிபோல அமைத்தால் ஓரக் கோடுகள் வளைவுக்குள் ஒதுங்கிப்போய் ஸ்கேனருக்கு எட்டாது. வசதியும் பணமும் இல்லாதவர்களுக்கு ஒரு மாற்று: இன்க்ஸ்கேப்பிலும் ஸ்க்ரைபஸிலும் பார்கோடு உருவாக்கும் கருவி உடனேயே வருகிறது, பெருக்கினாலும் மங்காத வெக்டர் கோடுகளாகவே தருகிறது. அச்சிட்ட பிறகு தரத்தை அளக்க ஐஎஸ்ஓ 15416 என்ற முறை உண்டு. கைபேசி படித்துவிட்டது என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கைபேசி மிகவும் இரக்கமுள்ளது.

நிறத்துக்கு வருகிறேன். எண்ணிட்டு அடையாளப்படுத்தும் பான்டோன் தர நிறங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். 2022-இன் இறுதியில் அடோபி மென்பொருள்களிலிருந்து பெரும்பாலான பான்டோன் நிறப் புத்தகங்கள் நீக்கப்பட்டன. அவற்றைப் பெற பான்டோன் கனெக்ட் என்ற துணைநிரலுக்குச் சந்தா கட்ட வேண்டும் என்றானது. சிலருடைய பழைய ஃபோட்டோஷாப் கோப்புகளில் அந்த நிறங்கள் கருப்பாகத் தெரிந்தன. ஒரே ஒரு ஸ்பாட் நிறம் பயன்படுத்தும் வேலைக்குச் சந்தா தேவையில்லை என்பது என் கருத்து. ஸ்வாட்ச் எனும் நிறப்பதிவு ஒன்றைப் புதிதாக உருவாக்கி, அதை ஸ்பாட் என்று குறித்து, அச்சகம் எதிர்பார்க்கும் பெயரை எழுத்துப் பிசகாமல் இட்டால் பிளேட்டுக்கு அது போதும். மையைக் கலப்பவர் அச்சிட்ட நிறவிசிறியைப் பார்த்துத்தான் கலக்கிறார். திரையில் தெரியும் நிறம் யாருடைய மையையும் தீர்மானிப்பதில்லை.

ஒளி ஊடுருவும் லேபிளுக்கு நிறங்களின் அடியில் வெள்ளை மை வேண்டும். அந்த வெள்ளை, மேலுள்ள உருவத்தைவிட 0.1 அல்லது 0.2 மி.மீ. உள்வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளை எட்டிப்பார்க்கும். வெள்ளை அடித்தளத்தைத் தானே உருவாக்கும் செருகுநிரல் எஸ்கோவிடம் உண்டு. சிக்கலான படங்களும் மென்மையான நிழல்களும் இருந்தால் அது ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும். உங்கள் லேபிளில் எழுத்தும் சின்னமும் மட்டும் என்றால் வடிவத்தின் ஓரத்தை நகர்த்தும் ஆஃப்செட் பாத் கட்டளையே போதும். நிறங்கள் சந்திக்கும் ஓரத்தில் இடைவெளி தெரியாதபடி ஒன்றன்மேல் ஒன்றைச் சற்றுப் படரவிடும் டிராப்பிங்கைப் பொறுத்தவரை, அதற்கான செருகுநிரலை வடிவமைப்பாளர் வாங்கவே கூடாது என்பது என் நிலை. இயந்திரத்தின் விலகல் எவ்வளவு என்று அறிந்த அச்சகமே அதைச் செய்ய வேண்டும். இருவரும் செய்தால் இரட்டைத் தடிப்பு வரும். இதில் என்னோடு உடன்படாத நல்ல வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லேபிள் நெகிழும் பிளேட்டால் அச்சிடும் ஃப்ளெக்ஸோ முறையில் அச்சாகும் என்றால் நீட்சிக் கணக்கு ஒன்று குறுக்கே வரும். தட்டையாகச் செய்த பிளேட்டை உருளையில் சுற்றும்போது அதன் மேற்பரப்பு நீளும். 1.70 மி.மீ. கனமும் அதில் 0.18 மி.மீ. அடித்தளமும் உள்ள பிளேட் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 9.5 மி.மீ. நீளும், அச்சுச் சுற்றளவு 400 மி.மீ. என்றால் அது கிட்டத்தட்ட 2.4 விழுக்காடு. முன்கூட்டியே அந்த அளவு குறைக்காவிட்டால் வட்டம் முட்டையாகிவிடும். இந்தக் கணக்கையும் அச்சகமே போடும். நீங்கள் செய்ய வேண்டியது கோப்பை 100 விழுக்காட்டில் அனுப்பிவிட்டு அதைத் தொடாமல் இருப்பதுதான். வெப்பத்தில் சுருங்கும் உறை வேறு கதை. அங்கே குப்பியின் வளைவுக்கேற்ப உருவத்தை எதிர்த்திசையில் கோணலாக்க வேண்டும், அதைக் கையால் ஊகிக்க முடியாது, ஸ்டுடியோவின் சுருக்குறைக் கருவி போன்ற ஒன்று இல்லாமல் நான் அத்தகைய வேலையை ஏற்பதில்லை. அதிலும்கூட முடிவு மதிப்பீடுதான். கட்டம் அச்சிட்ட வெற்று உறையைச் சுருக்கிப் பார்த்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும்.

இறுதிக் கோப்பைச் சோதிக்க, பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபாட்டிலுள்ள பிரீஃபிளைட் வசதியே தொடக்கத்துக்குப் போதும். என்ஃபோகஸின் பிட்ஸ்டாப் அக்ரோபாட்டுக்குள் இயங்கும் செருகுநிரல். அது பிழையைக் காட்டுவதோடு திருத்தவும் விடும். மாதத்துக்குப் பத்துக் கோப்புகளுக்கு மேல் கையாள்பவருக்கு அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் பெட்டியின் படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அவை தருவது பெட்டியின் ஒளிப்படம் போன்ற ஒன்று. அதில் டைலைனும் ஸ்பாட் நிறமும் இல்லை. எழுத்தும் பல நேரங்களில் எழுத்தாக இருப்பதில்லை. எண்ணம் திரட்ட உதவும். வருங்காலத்தில் எப்படி மாறும் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை.

உங்கள் வேலைக்கு நான் செய்யச் சொல்வது இதுதான். இந்த முறை எதையும் வாங்காதீர்கள். அச்சகத்தை அழைத்து டைலைன், அட்டையின் தடிமன், அச்சு முறை, அவர்கள் ஏற்கும் பிடிஎஃப் வகை, ஒட்டும் மடிப்பில் மையும் வார்னிஷும் எவ்வளவு தூரம் விலகியிருக்க வேண்டும், பார்கோட்டுக்கு எவ்வளவு அகலக் குறைப்பு வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அச்சிடாத வெள்ளைப் பெட்டி ஒன்றை அதே அட்டையில் வெட்டித் தரச் சொல்லி, உண்மையான சோப்பை உள்ளே வைத்து மூடித் திறந்து பாருங்கள். லேபிளின் அச்சுப்பிரதியைக் குப்பியில் ஒட்டி, ஷாம்பு நிரப்பிய நிலையிலும் காலியான நிலையிலும் பாருங்கள். உள்ளிருக்கும் திரவத்தின் நிறம் வெள்ளையில்லாத இடங்களில் எப்படி எழும்புகிறது என்பதை எந்த முன்னோட்டமும் சரியாகக் காட்டியதை நான் கண்டதில்லை. இந்த வேலை முடிந்து, இதே வகை வேலை மூன்றாவது முறை வரும்போது, எந்த இடத்தில் அதிக நேரம் போனது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பெரும்பாலும் அது பார்கோடாகவோ வெள்ளை அடித்தளமாகவோ இருக்கும். அந்த ஒன்றுக்கான செருகுநிரலை, உங்கள் இல்லஸ்ட்ரேட்டர் பதிப்புக்கு ஒத்துவருகிறதா என்று சோதனைக் காலத்தில் பார்த்துவிட்டு, அப்போது வாங்குங்கள்.